திரிந்த பெயரும் மறைந்த பெயரும்

பழைய ஆங்கில நூல்களில் 'தமூலிக்' என்றொரு பெயரடை உண்டு. டி, ஏ, எம், யூ, எல், ஐ, சி என்னும் ஏழெழுத்துகளால் ஆயது. 'தமூலியன்' என்பது அதன் உடன்பிறப்பு. தமிழைச் சார்ந்தது, தமிழுக்குரியது என்பது இவற்றின் பொருள். இன்று ஆங்கிலேயருள்ளும் இவற்றை அறிந்தார் அரியர். வழக்கொழிந்த அயற்சொல்லால் தமிழர்க்கு ஆவதென்ன என்று கேட்பார் உளர். அச்சொல்லின் வேர் தமிழ். அதற்கு நேர்ந்ததே தமிழின் பெயருக்கும் நேர்ந்தது. ஆதலின் அதன் வரலாறு தமிழர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய வரலாறாம்.

அவ்வரலாற்றின் தொடக்கம் போர்த்துகீசியர். 1554-இல் இலிசுபனில் அச்சான தமிழ்க் கிறித்தவ நூலின் பெயரிலேயே 'தமூல்' என்னும் வடிவம் ஏறிவிட்டது. மகரத்தின் மேலிருந்த இகரம் உகரமாயிற்று. சிறப்பு ழகரம் வெறும் லகரமாயிற்று. பின்னர் வந்தவர் இத்திரிபையே முதலாகக் கொண்டனர்.

காரைக்காலுக்கு வடக்கே, அதே கடற்கரையில், ஒரு பகற்பொழுதில் நடந்து சேரத்தக்க தொலைவிலுள்ளது தரங்கம்பாடி. 1706-இல் அங்கு வந்து தமிழ் கற்ற சீகன்பால்கு, 1716-இல் செருமனியின் ஆலே நகரில் இலத்தீன் மொழியில் தம் தமிழிலக்கணத்தை அச்சிட்டார். அதன் பெயரில் தமிழ் 'தமூலிக்கா' ஆயிற்று. தகரத்துக்கு அவர் இட்ட எழுத்தோ 'டி' அன்று, 'டீ' என்னும் மெல்லொலி எழுத்து. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியிலேயே அச்சேறியது. அதிலும் அதே பெயரடைதான். ஆனால் முதலெழுத்து 'டி'. இலத்தீனில் 'இக்கா' என முடிந்த அப்பெயரடையே ஆங்கிலத்தில் 'இக்' எனத் தேய்ந்து 'தமூலிக்' ஆயிற்று. ஒரு மொழியின் பெயருக்கு முதலெழுத்தும் உறுதியில்லை, இடையெழுத்தும் உறுதியில்லை, இறுதியெழுத்தோ அவர்தம் நாவிலேயே இல்லை!

அடுத்த ஆண்டு, 1739-இல், காரைக்காலில் பிரெஞ்சியர் காலூன்றினர். அவர்களும் 'தமூல்' என்றே வழங்கினர். உகரத்துக்கு 'ஓ', 'யூ' என்னும் ஈரெழுத்துகளை இட்டனர். 1855-இல் புதுவையில் முதன்மடலம் வெளிவந்த தமிழ் பிரெஞ்சு அகரமுதலியும் அவ்வாறே எழுதிற்று. 1954 நவம்பர் முதல்நாள் பிரெஞ்சியர் ஆட்சி காரைக்காலை விட்டகன்றது. ஆயினும் பிரெஞ்சு மொழியில் தமிழின் பெயர் இன்றும் 'தமூல்' தான்.

ஆங்கிலேயர் செய்தது இதனினும் வியப்பு. பாபிங்டன் என்பார் 1822-இல் வீரமாமுனிவர் நூல்கள் இரண்டை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். செந்தமிழ் இலக்கணத்தின் முகப்பில் 'தமில்' என்று எழுதினார். பரமார்த்த குருவின் கதை முகப்பில் 'தமூல்' என்று எழுதினார். ஒரே ஆண்டு, ஒரே கை, ஈரெழுத்துக்கூட்டு!

எழுத்தோடு நின்றதா திரிபு? பொருளும் திரிந்தது. 1840-களில் ஆட்சன் என்னும் ஆராய்ச்சியாளர், இமயமலை அடிவாரத்துப் போடோ மக்கள் உட்பட, இந்தியாவின் ஆரியரல்லாத தொல்குடியினர் அனைவரையும் 'தமூலியன்' என்னும் ஒரே பெயரால் அழைத்தார். தமிழுக்குரியது என்னும் பொருள் கரைந்து, ஆரியரல்லாதது என்னும் பொருள் ஏறிற்று.

இந்நிலையிற்றான் 1856-இல் கால்டுவெல் பெருமகனாரின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தென்மொழிகள் வடமொழிக்குப் பிறந்தவையல்ல, தனிக்குடும்பத்தவை என நிலைநாட்டிய அப்பெரும்பணியைத் தமிழுலகம் என்றும் மறவாது. ஆனால் ஒரு மொழியின் பெயரையே குடும்பம் முழுமைக்கும் இட்டால் மயக்கம் விளையும் என்று கருதி, அவர் 'தமூலிக்', 'தமிலியன்' என்னும் பெயரடைகளை விலக்கினார். வடநூல்களில் வழங்கிய 'திராவிட' என்னும் சொல்லை ஏற்றார். குடும்பத்துக்குத் தனிப்பெயர் வேண்டும் என்பது முறையே. அவ்வளவில் நின்றிருந்தால் குறையில்லை. தமிழும் திராவிடமும் ஒருசொல்லே என்று கண்ட அவர், தமிழிலிருந்து திராவிடம் வந்ததெனக் கொள்வதினும் திராவிடத்திலிருந்து தமிழ் வந்ததெனக் கொள்வதே எளிது என்றும் எழுதிவிட்டார். தாயை மகளுக்கு மகளாக்கிய கூற்று இது!

சான்றுகளை நோக்குக. அனுராதபுரத்துப் பழைய பிராமிக் கல்வெட்டுத் தமிழரைத் 'தமேட' என்கிறது. பாலிநூல்கள் 'தமிள' என்கின்றன. உரோமர் காலத்து நிலப்படமொன்றின் படி 'தமிரிகே' என்கிறது. அனைத்திலும் மகரம் நிற்கிறது, வகரம் இல்லை. ழகரம் இல்லாதார் அதனை டகரமாகவோ ளகரமாகவோ ரகரமாகவோ ஒலிப்பது இயல்பு. அசோகன் கல்வெட்டுச் சோழரைச் 'சோட' என்கிறது. அதனால் சோழன் என்னும் பெயர் சோட என்பதிலிருந்து பிறந்தது என்பார் எவரேனும் உளரோ? சோழனுக்கு ஒரு நெறி, தமிழுக்கு வேறொரு நெறியோ? தமிழ் என்பதே திரமிளம், திரமிடம், திரவிடம் எனத் திரிந்தது என்று மொழிஞாயிறு பாவாணர் நிறுவியதன் வலிமை இங்கேயே உள்ளது.

இனி ஒன்று. அயலார் தமிழின் பெயரைப் பெயரடையாக்கத் தடுமாறினர். தமிழில் அதற்கு நெறி இல்லையா? தொல்காப்பியர் புள்ளிமயங்கியலில் தமிழ் என்னும் சொல்லுக்கெனவே ஒரு நூற்பா வகுத்துள்ளார். அச்சொல் பிறசொல்லோடு புணருங்கால் அக்குச்சாரியை பெறும் என்பது அதன் கருத்து. தமிழக்கூத்து, தமிழச்சேரி, தமிழப்பள்ளி என்று எடுத்துக்காட்டுகள் தந்தனர் உரையாசிரியர். 'தமூலிக்' சொல்லவந்த பொருளைத் தமிழே இத்துணை அழகாக, ழகரம் சிதையாமல், சொல்லிவைத்திருக்கிறது. தொல்காப்பிய நூற்பாவிலேயே தமிழ் என்னும் பெயர் அதே வடிவில் நிற்கையில், அப்பெயரே கடன் என்பது எங்ஙனம் பொருந்தும்?

எழுத்துக்கூட்டுச் சிறுசெய்தி என்று ஒதுக்குவார் காரைக்காலின் பழம்பதிவேடுகளைக் காண்க. தமிழில் நான்கெழுத்தான முருகன் ஆங்கிலத்தில் ஏழெழுத்து. பிரெஞ்சு வழக்கில் பத்தெழுத்து. பாட்டன் பெயர் பிரெஞ்சுக் கூட்டில், பேரன் ஆவணம் ஆங்கிலக் கூட்டில் என்றிருக்க, இருவரும் ஒரு குடியினரே என்று மெய்ப்பிக்க அலுவலகம் அலுவலகமாக அலைவது சிறுசெய்தியா? தமிழ்ச்செல்வி என்னும் ஒரு பெண், பள்ளிச்சான்றில் 'எல்' எழுத்தும் கடவுச்சீட்டில் 'இசட்', 'எச்' எழுத்துகளும் கொண்டு இருவராகி நிற்பது சிறுசெய்தியா? தமிழ்நாட்டில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழொலிக்கேற்ப மாற்றும் அரசாணை 2020 சூன் திங்களில் வெளிவந்து, அதே திங்களில் திரும்பப் பெறப்பட்டது. கடன் எழுத்தில் பெயரைத் தேடினால் முடிவு இதுவே. ஆவணம் எதுவாயினும் தமிழெழுத்துப் பெயரே முதற்பெயராகப் பதியப்பெற வேண்டும். பிறவெழுத்து அதன் நிழலாக நிற்கட்டும்.

போர்த்துகீசியனும் செருமானியனும் பிரெஞ்சியனும் ழகரத்தை இழந்தது நாவின் குறை, மனக்குறை அன்று. அவர் திரித்த 'தமூலிக்' என்னும் சொல்லின் உள்ளேயும் தமிழ் உயிரோடிருந்தது. அதனினும் பெரிய சொல் வந்தபோதோ, தமிழ் மறைந்தது. மறைத்ததினும் பெருங்கேடு, மறைந்ததைத் தமிழரே உணராமை. ழகரம் பிறவியிலேயே வாய்த்த நா, தன் மொழியின் பெயரைத் 'தமில்' என்றும் 'தமிள்' என்றும் வகுப்பறையிலும் மேடையிலும் ஒலிப்பதற்கு எந்த அயலானைக் குறைகூறுவது?

அயலார் நாவைத் திருத்துதல் அரிது. தன் நாவைத் திருத்துதல் எளிது. ஒவ்வொரு தாயும் தன் குழந்தைக்கு முதலில் ழகரத்தைப் பயிற்றுக! ஒவ்வோர் ஆசிரியரும் அது வரும்வரை விடாதிருக்க! ஒவ்வொரு தமிழரும் தம் பெயரைத் தமிழெழுத்தில் முதற்கண் எழுதுக! தமிழ் என்னும் பெயர் தமிழர் நாவில் பிழையற நின்றால், ஞாலம் அதனை ஒருநாள் பிழையறக் கேட்கும்.