எண்ணெய் எங்கிருந்து சொட்டுகிறது?

தந்தையார் விட்டுச் சென்ற நகையும் நிலமும் வீட்டிற்கு வரும்போது பத்திரங்களோடு வரும். அவர் ஓட்டிய பழைய பிக்கப் வண்டியோ பழுதுகளோடு வரும். நெல் மூட்டையும் உரமும் சுமந்து இருபது ஆண்டுகள் உழைத்த வண்டி, உரியவர் மறைந்தபின் மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கிறது. மீண்டும் எடுத்து ஓட்டிவிட்டு நிறுத்தினால், மறுநாள் காலையில் தரையில் எண்ணெய்க் கறை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. "கியர் பெட்டியை இறக்கணும், செலவு ஜாஸ்தி ஆகும்" என்றது பட்டறை. "வித்துடலாம்" என்றார் மூத்த மகன். "உங்கப்பா கை பட்ட வண்டிடா" என்றார் தாயார். மூவரும் முடிவைச் சொன்னார்களே தவிர, எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

வங்கியில் மாலைக் கணக்கு நேராகாத நாளில் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் சரிபார்ப்போம். வண்டிக்கும் அதே முறைதான். இரவில் வண்டியின் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் படிந்திருப்பது கருமையாக இருந்தால் பெரும்பாலும் என்ஜின் ஆயில். பச்சை நிறமும் இனிப்பு வாசனையும் இருந்தால் ரேடியேட்டர் நீர். தேன் போல் கெட்டியாகவும் கந்தக நெடியுடனும் இருந்தால் கியர் ஆயில். நீர்த்த இளமஞ்சள் திரவம் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை நகர்த்தவே கூடாது.

கியர் ஆயில்தான் என்று தெரிந்தபின், பெட்டியின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயால் துடைத்து உலர்த்தி, சிறிது தூரம் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். ஒழுகும் எண்ணெய் கீழே இறங்கும். ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே சொட்டு விழும் இடம் வேறு, ஊற்று வேறு. ஈரம் தெரியும் இடங்களில் மேலானதும் முன்னதுமான இடமே ஊற்று.

பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. முதலாவது, அடியிலுள்ள வடிகால் திருகு. வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுவது சில நிமிட வேலை. இரண்டாவது, மேலே இருக்கும் பிரீதர் என்னும் சிறு காற்றுத்துளை. அதை மண் அடைத்துக்கொண்டால், சூட்டில் விரியும் காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீல் வழியே பிதுக்கும். இதைச் சுத்தம் செய்யாமல் புதுச் சீல் போட்டாலும் ஒழுகும். மூன்றாவது, புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் பின்பக்கச் சீல். நெடுநாள் நின்ற வண்டியில் ரப்பர் இறுகிவிடும். பெரும்பாலான வண்டிகளில் ஷாஃப்டைக் கழற்றினாலே இதை மாற்றலாம். நான்காவது, என்ஜினும் கியர் பெட்டியும் சேரும் இடம். அங்கே ஒழுகினால் பெட்டியை இறக்கத்தான் வேண்டும். எண்ணெய் பட்ட கிளச் தட்டு வழுக்கும் என்பதால் அதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

எண்ணெயின் அளவையும் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டுத் திருகைக் கழற்றினால், பெரும்பாலான பெட்டிகளில் துளையின் விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும். குறைந்தால் பற்சக்கரமும் பேரிங்கும் தேயும், மிகுந்தாலும் ஒழுகும். கையேட்டில் சொன்ன வகை எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

நம் வயதினர் வண்டிக்கடியில் புக வேண்டா. இளையவர்களும் ஜாக்கியை மட்டும் நம்பிப் புகலாகாது. உறுதியான தாங்கிகள் வைத்த பிறகே புக வேண்டும். சாலையில் ஓட்டிப் பார்க்குமுன் இன்னொன்று: உரிமையாளர் மறைந்த 30 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்து, 3 மாதங்களுக்குள் படிவம் 31 மூலம் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அந்தக் குடும்பத்தில் அட்டையில் விழுந்தது கியர் ஆயில். பிரீதரில் மண் இறுகிக் கிடந்தது. பின்பக்கச் சீல் கட்டையாகியிருந்தது. பெட்டியை இறக்காமலே இரண்டும் சரியாயின. விற்பதா, வைத்திருப்பதா என்பதை அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இப்போது பேச்சில் பயம் இல்லை; தாயாரின் ஆசைக்கு என்ன விலை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சூட்டுகிறோம். இந்த ஆண்டு பொட்டு வைக்குமுன், பேரனிடம் ஒரு டார்ச் விளக்கைக் கொடுத்து, குனிந்து அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.