செக்ரோல் ஏட்டை எரித்தவர் யார்?

தமிழருடைய பழம்பெருமை பேசும் மேடைகளுக்கு இந்நாட்டில் பஞ்சமில்லை. பொங்கல் விழாவானாலும் சரி, பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பானாலும் சரி, தலைவர் எழுந்து கடாரம் வென்ற கதையைச் சொல்லாமல் அமர்வதில்லை. கூடியிருப்போரும் கை தட்டாமல் கலைவதில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் கப்பலேறி வந்த படையைப் பற்றி இவ்வளவு அறிந்த நாம், நம் பாட்டனார் எந்த ஆண்டில் எந்தத் துறைமுகத்தில் இறங்கினார், எந்தத் தோட்டத்தில் எத்தனை காசுக்குப் பால்மரம் சீவினார் என்று கேட்டால் விழிக்கின்றோம். இந்த அறியாமைக்கு வெள்ளையன்மீது பழி போடுவது வழக்கமாய்விட்டது. அது பாதிப் பொய் என்பதே எமது கட்சி.

இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைப் புத்தகசாலையில் மலாயாவைப் பற்றிய தொகுதி ஒன்று உண்டு. இந்நாட்டில் உத்தியோகம் பார்த்தும், தோட்டம் நடத்தியும், வியாபாரம் செய்தும் வந்த ஆங்கிலேயருக்கு லண்டனில் 1920 முதல் ஒரு சங்கம் இருந்தது. அச்சங்கம் தன் அங்கத்தினரிடமிருந்து கடிதம், நாட்குறிப்பு, புகைப்படம், அச்சேறாத நினைவுக் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வைத்தது. சேர்த்தவை ராயல் காமன்வெல்த் சங்கத்தின் நூல்நிலையத்தை அடைந்தன. அந்நூல்நிலையம் 1993 இல் கேம்பிரிட்ஜுக்கு மாறியபோது உடன் சென்றன. இவை நம்மிடம் கொள்ளையடித்த பொருள்கள் அல்ல. தம் பெட்டியில் கிடந்த தம் காகிதங்களை அவர்கள் ஒப்படைத்தார்கள், அவ்வளவே. அந்தக் காகிதங்களில் நாமும் வருகிறோம், படத்தின் ஓரத்தில் பெயரில்லாமல் நிற்பவர்களாக.

அத்தொகுதியில் எம் நெஞ்சைச் சுட்டது ஒன்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஜப்பானியர் ஐரோப்பியக் குடிமக்களைச் சாங்கிச் சிறையில் அடைத்தனர்; 1944 இல் சைம் ரோடு முகாமுக்கு மாற்றினர். அங்கே அடைபட்டிருந்தோரின் பெயர், வயது, தொழில் கண்ட பட்டியல்கள் கேம்பிரிட்ஜில் பத்திரமாய் இருக்கின்றன. பசியும் நோயும் வாட்டிய இடத்திலும் காகிதம் தேடிப் பேர் எழுதி வைத்தார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வீட்டில் அமர்ந்தபடியே கணினியில் அப்பக்கங்களைப் புரட்டிப் பாட்டனாரின் பெயரைத் தேடலாம்.

அதே காலத்தில் நம்மவர் கதி யாது? சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு 1942 இலும் 1943 இலும் ஜப்பானியர் போட்ட இரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து சுமார் 75,000 பேர் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். கஞ்சனபுரி இடுகாட்டில் அப்பாதையில் மாண்ட போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை தவறாமல் நிற்கின்றன. நம்மவர்க்கு ஆளுக்கொரு கல்லும் இல்லை. மாண்டவர் இன்னின்னார் என்று சொல்லும் முழுப் பட்டியலும் இல்லை. ஆனால் அப்பெயர்கள் எங்கும் எழுதப்படாதவை என்று யாரும் சொல்ல வேண்டாம். காலையில் பெரட்டுக்களத்தில் கூப்பிட்டுச் செக்ரோலில் பதிந்த பெயர்கள் அவை. இத்தனை ஆள் வேண்டும் என்று ஜப்பானியர் தோட்டங்களைக் கேட்டபோது பேர் பொறுக்கிக் கொடுத்த கைகளில் கிராணியார் கையும் ஒன்று. ஒருநாள் வரையில் பேர் விழுந்து, மறுநாள் முதல் கட்டம் வெறுமையாய்க் கிடந்த பக்கங்கள் எத்தனை தோட்டங்களில் இருந்திருக்க வேண்டும்! அவை என்னவாயின?

யாமும் ஒரு தோட்டத்துக் கிராணி. ஆங்கிலப் படிப்பில் எட்டாம் ஹென்றியின் மனைவியர் அறுவர் பெயரையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்கக் கற்றோம். எம் லயத்தில் வாழ்ந்து மடிந்தவர் பெயரைக் கற்பிப்பார் ஒருவரும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஆபீசைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பழைய செக்ரோல், சம்பளப் புத்தகம், ஆயாக்கொட்டகைப் பதிவு எல்லாம் சேர்ந்து மூன்று சாக்கு ஆயின. ஒழித்துவிடும்படி மேலிடத்து உத்தரவு. ஒழித்தாயிற்று என்ற காகிதத்தில் கையொப்பம் இட்டது யாமே. செம்பனை ஓலையோடு சேர்த்து எரித்ததும் எம் கண்முன்னேதான். இரண்டு மாதம் கழித்து எண்பதை எட்டும் மூதாட்டி ஒருவர் வந்தார். தகப்பனார் சயாமுக்குப் போனபோது தாம் கைக்குழந்தை என்றும், கணக்கில் அவருடைய முழுப்பெயரையாவது பார்த்துச் சொல்லும்படியும் கேட்டார். எரிந்த சாக்கில் அந்த வருஷத்து ஏடு இருந்ததோ இல்லையோ, பார்த்தறிய வழியில்லாமல் செய்தது எமது கையொப்பம். அம்மையார் ஒன்றும் கடிந்து பேசவில்லை. “பரவாயில்லை ஐயா” என்று சொல்லிப் போனார்.

கற்றறிந்த சிலர் இதைக் கேட்டு நகைப்பர். கையெழுத்துப் பிரதி என்றால் ஓலைச்சுவடி அன்றோ, கூலிக் கணக்கைக் கொண்டுபோய்ச் சர்வகலாசாலையில் வைப்பதாவது என்பர். அந்த ஓலைச்சுவடியை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்கள் யார்? நம் முன்னோரே. அதைச் சொல்லி இன்று மேடையில் வருந்துகிறோம். ஆற்றில் விட்டவன் புண்ணியம் என்று எண்ணினான். நாம் குப்பை என்று எண்ணுகிறோம். வேறென்ன வேற்றுமை?

இன்னும் சிலர் நகைக்கமாட்டார்கள், அஞ்சுவார்கள். பட்டணத்தில் மாடிவீடு கட்டியபின் பாட்டனார் பெயர் செக்ரோலில் கிடப்பது இழுக்காம். பழைய காகிதத்தைக் கிளறினால் இன்று தாம் சொல்லிக்கொள்ளும் சாதிக்குப் பங்கம் நேருமோ என்று கலங்குவோரும் உளர். அப்படியொரு பங்கம் வருவதாயின் விரைந்து வரட்டும்!

காகிதங்களை எங்கே கொண்டுசெல்வது என்பார்க்குச் சொல்வோம். கோலாலம்பூரில் மலாயாச் சர்வகலாசாலை இருக்கிறது. அதன் இந்திய இயற்பகுதி 1956 இல் சிங்கப்பூரில் தோன்றி 1959 இல் கோலாலம்பூருக்கு வந்தது. அப்பகுதியில் சமஸ்கிருதமா, தமிழா என்ற வழக்கு எழுந்தபோது, தமிழே வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ வாயிலாகப் போராடியவர் கோ. சாரங்கபாணியார். தமிழ் நூல்கள் வாங்குவதற்காக எழுந்ததே ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி. எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளியும் தன் கூலியிலிருந்து அதற்கு ஈந்தான். பிற்பாடு, 1679 இல் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை, வத்திக்கான் நூல்நிலையத்தில் தப்பிக் கிடந்த பிரதியைக் கொண்டு, 1966 இல் தனிநாயக அடிகளார் அதே பகுதியின் மூலம் மீண்டும் வெளியிட்டார். எங்கோ ஒருவன் எரிக்காமல் வைத்ததால் அல்லவா இது கூடிற்று? நூல் வாங்கக் காசு கொடுத்தவனுடைய பெயர் எழுதிய காகிதத்துக்கு அங்கே இடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. புத்தகசாலையாருக்கும் ஒரு வார்த்தை: பெட்டியில் இட்டுப் பூட்டுவது மட்டும் காப்பதாகாது. இன்ன தோட்டம், இன்ன வருஷம், இன்ன ஏடு என்று தமிழிலும் அட்டவணை வேண்டும். அட்டவணை இல்லாத காகிதம் எரிந்த காகிதத்துக்குத் தம்பி.

கோயில் தர்மகர்த்தாக்களும், சங்கக் காரியதரிசிகளும், வாசகசாலை நடத்தினோரும் தத்தம் அலமாரியைத் திறந்து பார்ப்பாராக. வரவு செலவுப் புத்தகம், கூட்ட நடவடிக்கை ஏடு, ஊரிலிருந்து வந்த கடிதம், கலியாணப் பத்திரிகை, எதையும் அற்பம் என்று தள்ளற்க. புகைப்படத்தின் பின்புறத்தில் இருப்போர் பெயரைப் பென்சிலால் மெல்ல எழுதுக; மை வேண்டாம். கிழிந்த தாளுக்குப் பசைநாடா ஒட்டற்க. அது நாளடைவில் எழுத்தைத் தின்றுவிடும்.

எம் ஆபீசில் நெருப்புக்குத் தப்பியவை மூன்று செக்ரோல்கள். அலமாரி ஆடாமலிருக்க அதன் காலுக்கு அடியில் வைத்திருந்தமையால் தப்பின. அவற்றைச் சர்வகலாசாலைக்கு ஒப்படைக்க அனுமதி வேண்டி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம். நாலு வாரமாகிறது, பதில் வரவில்லை. இவ்வாரம் மறுபடியும் எழுதுகிறோம்.