ஓடுபாதைக்கு அப்பால் ஒரு கான்கிரீட் மேடு

2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் ஜேஜு ஏர் விமானம் சக்கரங்கள் வெளிவராமல் வயிற்றால் தரையிறங்கியது. பறவைகள் மோதியதற்குத் தடயமாக, இரண்டு எஞ்சின்களிலும் வலசை வாத்துகளின் இறகுகள் பின்னர் கிடைத்தன. அந்த நிலையிலும் விமானம் சிதறாமல் சறுக்கிக்கொண்டே போனது. அதைச் சிதறடித்தது, ஓடுபாதை முனையிலிருந்து சுமார் 250 மீட்டரில், ஆன்டெனாக்களைத் தாங்குவதற்காக மண்ணும் கான்கிரீட்டும் கொண்டு எழுப்பியிருந்த மேடு. 181 பேரில் 179 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் விமானப் பணியாளர்கள் இருவர் மட்டுமே.

விமானிகள் செய்தது சரியா தவறா என்ற விவாதம் ஒருபுறம் நடக்கட்டும். எனக்கு ஆறாதது அந்த மேடுதான். தரையிறங்கும் விமானத்துக்கு நேர்கோடு காட்டும் ஆன்டெனா அங்கே நின்றுதான் ஆகவேண்டும். ஆனால் மோதினால் முறிந்து விழும் தாங்கிகளில் நிற்க வேண்டும். இது புதிதாகக் கற்கவேண்டிய பாடமும் அல்ல. 2010-இல் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிய விமானத்தின் இறக்கையும் இப்படியொரு கான்கிரீட் அமைப்பில்தான் மோதியது. பிறகு விமானம் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். பறவைகளை முழுக்கத் தடுக்க யாராலும் முடியாது. கான்கிரீட் நாம் கட்டியது. எந்த நாட்டு ஓடுபாதை முனையில் அது நின்றாலும், அடுத்த விபத்துக்கு முன்பே இடித்துவிடுங்கள்.