காற்றடித்தால் கண்ணாடி மழை!

அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் நடுவே ஒரு கட்டிடம் நிற்கிறது. 60 மாடி. 790 அடி உயரம். அடி முதல் உச்சி வரை ஒரே கண்ணாடி. பக்கத்தில் இருக்கும் பழைய டிரினிட்டி தேவாலயம் அதில் நிழலாடுவதைப் பார்க்கவே கூட்டம் வரும். ஜான் ஹான்காக் இன்சூரன்சு கம்பெனி தன் அலுவலகத்துக்காகக் கட்டியது இது.

1973-ம் ஆண்டு ஜனவரி மாதம், கட்டிட வேலை முடியும் முன்பே, ஒரு நாள் இரவு பலத்த காற்று வீசியது. கண்ணாடிகள் பெயர்ந்து விழுந்தன. ஒவ்வொன்றும் 500 ராத்தல். ஏறக்குறைய மூன்று மூட்டை நெல்லின் கனம்!

பிறகு காற்றின் வேகம் 45 மைலைத் தொட்டால் போதும், போலீசார் சுற்றிலும் தெருக்களை அடைத்துவிடுவார்கள். கண்ணாடி போன இடங்களில் ஒட்டுப்பலகை அடித்தார்கள். "ஒட்டுப்பலகை மாளிகை" என்று ஊரார் கேலி செய்தனர். கேலிக்கென்ன, யாரும் செய்யலாம். அந்தத் தெரு வழியே வேலைக்குப் போகிறவன் பாடு அல்லவா திண்டாட்டம்!

என்ன காரணம்?

கட்டிடம் காற்றில் ஆடியது உண்மைதான். அதை அடக்க 58-வது மாடியில் 300 டன் பாரங்கள் இரண்டை வைத்தார்கள். ஆனால் கண்ணாடி உடைந்தது ஆட்டத்தால் அல்ல.

ஒவ்வொரு ஜன்னலும் இரட்டைக் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே, ஓரத்தைச் சுற்றி ஓர் ஈயச் சட்டம். அதைக் கண்ணாடியோடு பற்றவைத்திருந்தார்கள். வெயிலில் கண்ணாடி விரியும், குளிரில் சுருங்கும், காற்றில் வளையும். பற்று கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். இது கொடுக்கவில்லை. அத்தனை இறுக்கம்! முதலில் கண்ணாடி ஓரத்தில் மயிரிழைக் கீறல். பிறகு முழு விரிசல்.

10,344 ஜன்னல்களிலும் இரட்டைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பதப்படுத்திய ஒற்றைக் கண்ணாடியைப் பொருத்தினார்கள். 1976-ல் கட்டிடம் திறக்கப்பட்டது.

வாய்ப்பூட்டு

வழக்கு நடந்தது. கடைசியில் சம்பந்தப்பட்டவர்கள் சமரசம் செய்துகொண்டார்கள். அதில் ஒரு நிபந்தனை: நடந்ததை யாரும் வெளியே பேசக்கூடாது!

இது என்ன நியாயம்? யார் யாருக்கு எவ்வளவு பணம் கொடுத்தார் என்பதை மூடி வைக்கட்டும், யாரும் கேட்கப் போவதில்லை. கண்ணாடி ஏன் விழுந்தது என்பது அப்படிப்பட்ட வீட்டு ரகசியமா? மற்ற ஊர்களில் கண்ணாடிக் கட்டிடம் எழுப்பிய என்ஜினீயர்கள் இந்த விவரத்தைக் காதுவழிச் செய்தியாகவே பொறுக்க வேண்டியிருந்தது. விழுந்த கண்ணாடியால் பாஸ்டனில் உயிர்ச்சேதம் இல்லை. அது அதிர்ஷ்டம். அடுத்த ஊருக்கும் அதே அதிர்ஷ்டம் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

தெருவில் விழுந்த பொருளைப் பற்றிய சமரசத்தில் இப்படி ஒரு வாய்ப்பூட்டுக்கு எந்த நாட்டுச் சட்டமும் இடம் கொடுக்கக்கூடாது. எது உடைந்தது, ஏன் உடைந்தது என்பதை நகரசபைக்காவது எழுத்தில் கொடுத்தாக வேண்டும்.