இங்கிலீஷ் வார்த்தையும் சரஸ்வதி கடாட்சமும்

தியாகதுருகம் பக்கத்துச் சகோதரர்கள் நம்மைச் சந்திக்கும்போதெல்லாம் கேட்கின்ற கேள்வி ஒன்று உண்டு. "அய்யா, எங்கள் பையன் மூன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் வார்த்தை மனப்பாடம் செய்கிறான். நோட்டு நோட்டாய் இம்போசிஷன் எழுதித் தள்ளியிருக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தும் ஒரு பேங்க் காகிதத்தைப் படித்து அர்த்தம் சொல்ல வரவில்லை. அவன் தலையில் எழுதியது அவ்வளவுதானா?" என்பதே அது. தலையெழுத்து என்னும் புரட்டை ஒழிக்க வேண்டுமென்று இத்தனை காலமாய்க் கூப்பாடு போட்டுவரும் நம்மிடமே வந்து தலையெழுத்தைப் பற்றிக் கேட்பதானது நமக்குச் சிரிப்பையும், அதைவிட அதிகமாய் விசனத்தையும் உண்டாக்குகின்றது.

தியாகதுருகம் இங்கிலீஷ்காரரை அறியாத ஊரல்ல. அவ்வூர் மலைக்கோட்டைக்காக 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும், இங்கிலீஷ்காரரும், மைசூர்ப் படைகளும் சண்டையிட்டார்கள். கோட்டை இடிந்து கிடக்கின்றது. சண்டையிட்டவர்களும் போய்விட்டார்கள். பாஷை மாத்திரம் போகவில்லை. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாகிக் கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலேயே வந்துவிட்டது என்றாலும், மருந்துப் பட்டையில் இருப்பதும், கடன் பத்திரத்தில் பொடி எழுத்தில் இருப்பதும், சென்னை ஹைகோர்ட்டுத் தீர்ப்பில் இருப்பதும் இங்கிலீஷ்தானே? தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பைத் தானே படிக்க முடியாமல் வக்கீல் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கின்ற குடியானவனுக்கு இதன் அருமையை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

முன்னே இந்தப் பாஷை யார் கையில் இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். மிலேச்ச பாஷை என்று பெயர் வைத்தவர்களே முந்திக்கொண்டு அதைப் படித்தார்கள். 1857-ல் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டதிலிருந்து உத்தியோகங்களெல்லாம் யாரிடம் போய்ச் சேர்ந்தன என்பதை 1916-ல் தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கை கணக்குக் காட்டிற்று. 1913-ல் நிரந்தர ஜில்லா முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் பார்ப்பனர். மற்றவர்களுக்கு மூளை இல்லை என்பதா இதற்குக் காரணம்? வீட்டில் படித்த தகப்பன் இருந்ததும், கையில் புத்தகம் இருந்ததும், மாடு மேய்க்கப் போகவேண்டியதில்லாமல் பொழுது இருந்ததுமே காரணமாகும். இன்றைக்கும் டவுனில் பெரிய சம்பளம் கட்டிப் படிக்கின்ற பிள்ளை நன்றாய் இங்கிலீஷ் பேசுகிறதென்றால், அப்பிள்ளை நாள் முழுதும் அதைக் காதால் கேட்கிறதே ஒழிய அதன் நாக்கில் எந்தத் தேவியும் வந்து உட்காரவில்லை.

நிற்க, நம் பிள்ளைகள் படிக்கின்ற முறையைப் பார்ப்போம். நாளைக்குப் பரீட்சை என்றால் இன்றைக்கு ஐம்பது வார்த்தை. அர்த்தம் தெரியாது; எந்த இடத்தில் பேசுவது என்று தெரியாது; எழுத்துக்கூட்டி உருப்போட்டு ஒப்பித்துவிட வேண்டியது. இது வேத பாடசாலையில் பொருள் தெரியாமல் கனபாடம் ஒப்பிப்பதற்கு எந்த விதத்தில் மாறுபட்டது என்று கேட்கின்றோம். மந்திரத்துக்காவது பொருள் தெரிய வேண்டியதில்லை. ஏனெனில் அதைக் கேட்டு எந்தச் சாமியும் பதில் பேசப்போவதில்லை. பாஷையோ எதிரில் நிற்கின்ற மனிதன் பதில் சொல்வதற்காக ஏற்பட்டதல்லவா?

ஒப்பித்தது மறந்துபோனவுடன் தாய்தகப்பன்மார் என்ன செய்கிறார்கள்? கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரம் மலைக்குப் போய் ஹயக்ரீவருக்கு முன்னால் பேனாவை வைத்து அர்ச்சனை செய்து வாங்கி வருகிறார்கள். குதிரைமுகச் சாமிக்கு இங்கிலீஷ் எங்கே தெரியும் என்று ஒருவரும் கேட்பதில்லை. சரஸ்வதி பூஜையன்றோ புத்தகத்தை எல்லாம் அடுக்கிப் பொட்டு வைத்து, அன்று ஒரு எழுத்துங்கூடப் படிக்கக்கூடாதென்று பிள்ளையைத் தடுக்கிறார்கள். கல்விக்குரிய தெய்வத்தின் பண்டிகை, படிக்கக்கூடாத நாளாக இருக்கின்ற விந்தை நம் நாட்டில்தான் உண்டு.

மறதி என்பது சாபமுமல்ல, முன்ஜென்ம பாபமுமல்ல. ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் தம்மையே சோதனைப் பொருளாய் வைத்துக்கொண்டு, அர்த்தமில்லாத அசைகளை உருப்போட்டு, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறதென்று அளந்து 1885-ல் வெளியிட்டார். 20 நிமிஷத்தில் 100-க்கு 42 பங்கு போய்விட்டது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஆனால் ஒரு மாதம் சென்றும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. அதாவது மறதி முதல் நாளில்தான் பாய்ச்சலாய் ஓடுகிறது, பிறகு நத்தையாய்ப் போகிறது. அவர் கண்ட மற்றொரு சங்கதிதான் நமக்கு மிகவும் முக்கியமானது. ஒரே நாளில் 68 தடவை உருப்போட்டதும், மூன்று நாளில் பிரித்து 38 தடவை உருப்போட்டதும் ஒரே பலனைக் கொடுத்தன. சரிபாதிக்குச் சற்று அதிகமான உழைப்பிலேயே அதே பலன்! நாற்று நட்ட அன்றே ஒரு மாதத் தண்ணீரையும் பாய்ச்சிவிட்டு அப்புறம் வயல் பக்கமே போகாத குடியானவன் தியாகதுருகத்தில் உண்டா? ஆனால் பிள்ளையின் படிப்பில் மட்டும் அதையே செய்யச் சொல்லுகிறோம்.

இனி எத்தனை வார்த்தை வேண்டும்? டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த மைக்கேல் வெஸ்ட் என்னும் வெள்ளைக்காரர் 1953-ல் ஏறக்குறைய 2000 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். சாதாரண எழுத்தில் வருவதில் 100-க்கு 80 பங்கு அதற்குள் அடங்கிவிடும். பத்திரிகையும் நாவலும் தங்குதடையில்லாமல் படிக்க 8000 முதல் 9000 வரை வேண்டுமென்று நியூசிலாந்தில் பால் நேஷன் என்பவர் 2006-ல் கணக்கிட்டார். ஒரு சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்து ஒன்று என்பது அவர் கணக்கு. இதைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. நாளைக்கு மூன்று சொல் வீதம் வருஷத்துக்கு 1095 ஆகின்றது. ஐந்தாம் வகுப்பில் தொடங்கினால் பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் எட்டு வருஷத்தில் 8760. மறந்துபோனதைத் தள்ளினாலும் பெரும்பகுதி நிற்கும், பழைய வார்த்தையை மறுநாளும், வாரங்கழித்தும், மாதங்கழித்தும் எடுத்துப் பார்க்கின்ற பழக்கம் இருந்தால்! "முப்பது நாளில் இங்கிலீஷ்" என்று பஸ் ஸ்டாண்டில் விற்கின்ற புஸ்தகமும், ஒரு மண்டலம் இருந்தால் மோட்சம் என்கின்றவன் பேச்சும் ஒரே ஜாதிதான். வருஷக்கணக்கில் செய்யவேண்டியதை நாள்கணக்கில் முடித்துத் தருவதாய்ச் சொல்லுகின்றவன் யாராயிருந்தாலும் நம்மிடம் காசு பறிப்பவனே.

அன்றியும், கிராமத்தான் ஒன்றுமே தெரியாதவனல்ல. பஸ், டிக்கெட், மோட்டார், ஸ்டார்ட்டர், பைப், லோன், பில், சர்டிபிகேட், ஆஸ்பத்திரி என்று நூற்றுக்கணக்கில் அவன் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றிலிருந்து ஆரம்பித்து, மருந்துப் பட்டையையும் கரண்ட் பில்லையும் பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டால் என்ன கெட்டுப்போகும்?

பெண்பிள்ளைகளின் சங்கதி இதைவிடக் கேவலமானது. அண்ணனுக்கு டியூஷன், தங்கைக்குச் சாணி வாருதல். வயதுக்கு வந்ததும் எட்டு வருஷக் கணக்கு நாலோடு நின்றுபோகின்றது. பிறகு "பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று அவள்மேலேயே பழி. நமது கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகின்ற தோழர்கள் சிலர் வீட்டிலேயே இது நடக்கின்றதென்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகின்றோம்.

"அப்படியானால் தமிழ் வேண்டாமா?" என்று சில புலவர்கள் கோபிக்கக்கூடும். தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. பகத்சிங் சிறையிலிருந்து இங்கிலீஷில் எழுதியதை 1935-ல் ஜீவானந்தம் தமிழில் பெயர்த்ததால்தான் அது நமக்குக் கிடைத்தது. அம்பேத்கர் 1936-ல் ஜாதி ஒழிப்பைப் பற்றி எழுதியதும் இங்கிலீஷிலிருந்துதான் "குடி அரசு" மூலமாய் நம் கைக்கு வந்தது. அந்த வழி தெரிந்தவர்கள் நம்மில் பத்துப் பேராயிருப்பதைவிடப் பத்தாயிரம் பேராயிருந்தால் தமிழுக்குத்தான் லாபம். இங்கிலீஷ் தெரிந்ததனாலேயே பெரிய மனிதன் என்று மார்தட்டி, தாய்தகப்பன் எதிரில் தமிழ் தெரியாததுபோல் நடிக்கின்ற பேர்வழிகளுக்காக நாம் பேசவில்லை. அதுவும் ஒரு புதுப் பூணூல்தான்.

ஆதலால் தியாகதுருகம் தோழர்களுக்கு நாம் சொல்லுவது, படிப்பகத்தில் தினமும் ராத்திரி அரைமணி நேரம் ஒதுக்குங்கள் என்பதே. கரும்பலகையில் மூன்று சொல், மூன்றுக்கும் வாக்கியம், போன வாரத்துச் சொற்களைக் கேள்வி கேட்டுப் பார்த்தல். பிள்ளைகளோடு பெரியவர்களும் உட்காரலாம். பெண்களும் வரத் தோதான நேரமாக இருக்கட்டும். வருகின்ற சரஸ்வதி பூஜையன்று மாத்திரம் படிப்பகத்தைச் சாத்திவிடாதீர்கள்.