சீருடைக்கு மரியாதை எது?

கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனிக்கு 2011இல் பிராந்திய ராணுவத்தில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி வழங்கப்பட்டது. பதவியோடு சீருடை வந்தது. பாராசூட் வீரர்களின் சிறகுச் சின்னம் வரவில்லை. 2015 ஆகஸ்டில் ஆக்ராவில் பயிற்சி எடுத்து, விமானத்திலிருந்து ஐந்து முறை குதித்த பிறகே அதை அணியும் தகுதி அவருக்குக் கிடைத்தது. உலகக் கோப்பை வென்ற கேப்டனுக்கும் அதில் சலுகை இல்லை.

ராணுவச் சீருடை தொடர்பான விதிகளுக்கெல்லாம் அடிப்படை இதுதான். அதில் தைக்கப்படும், குத்தப்படும் ஒவ்வொன்றும் உண்மையாக இருக்க வேண்டும். அணிந்திருப்பவர் யார், எந்தப் படை, என்ன பொறுப்பு, எங்கே பணியாற்றினார் என்பதை அவர் வாய் திறக்கும் முன்பே எதிரில் நிற்பவர் அறிந்துகொள்ள வேண்டும். அழகுக்காக ஒன்றைச் சேர்ப்பதும், அலட்சியமாக ஒன்றை விடுவதும் தவறாவது அதனால்தான்.

தோளும் மார்பும்

தோளில் இரண்டு நட்சத்திரம் என்றால் லெப்டினன்ட். மூன்று என்றால் கேப்டன். அசோகரின் சிங்க முத்திரை மட்டும் இருந்தால் மேஜர். அதனுடன் ஒரு நட்சத்திரம் சேர்ந்தால் லெப்டினன்ட் கர்னல், இரண்டு சேர்ந்தால் கர்னல். பதக்கங்கள் இடது மார்பில், முன்னுரிமை வரிசை மாறாமல் இருக்க வேண்டும். உயர்ந்தது மார்பின் நடுப்பகுதிக்கு அருகில் வரும். பரம்வீர் சக்கரத்தின் ஊதா நிற நாடா எங்கே இருக்கிறது என்று படைவீரர் யாரும் தேட வேண்டியதில்லை.

இந்த விதிகள் காலத்தோடு மாறவும் செய்கின்றன. 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரிகேடியரும் அவருக்கு மேற்பட்ட அதிகாரிகளும் தங்கள் ரெஜிமென்ட்டுக்கே உரிய தொப்பி, தோள் கயிறு, பெல்ட், காலணி ஆகியவற்றை விட்டுவிட்டு, பொதுவான சீருடைக்கு மாறினார்கள். பல ரெஜிமென்ட்டுகளை வழிநடத்துபவர் ஏதோ ஒன்றுக்கு மட்டும் உரியவராகத் தெரியக் கூடாது என்பதே அதன் உட்பொருள். கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பெருமையோடு சுமந்த அடையாளத்தைப் பொறுப்பு உயரும்போது கழற்றி வைக்கச் சொல்கிறது ராணுவம்.

சீருடை ஒரு காப்பு

சீருடை ஒழுங்கை வெறும் கட்டுப்பாடாகப் பார்ப்பவர்கள் போர்ச் சட்டத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். 1907 ஹேக் விதிகள், முறையான ராணுவத்தைச் சேராத தொண்டர் படையினரும்கூடத் தொலைவிலிருந்தே அடையாளம் காணத்தக்க நிலையான சின்னம் அணிய வேண்டும் என்கின்றன. எதிரியின் சீருடையை முறைகேடாகப் பயன்படுத்துவதையும் அவை தடைசெய்கின்றன. போர்வீரர் யார், பொதுமக்கள் யார் என்ற வேறுபாடு குலைந்தால் முதலில் உயிரிழப்பவர்கள் பொதுமக்களே.

2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் பகுதியில் சிக்கிய தமிழகத்தைச் சேர்ந்த விங் கமாண்டர் அபிநந்தன், விமானி உடையில் இருந்தார். அவர் ஒரு நாட்டின் படை அதிகாரி என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. அதனால்தான் ஜெனிவா ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்டி அவரது பாதுகாப்பை இந்தியா உரிமையோடு வலியுறுத்த முடிந்தது. மார்ச் 1 அன்று அவர் நாடு திரும்பினார்.

இதன் மறுபக்கம் பதான்கோட். 2016 ஜனவரியில் அங்குள்ள விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்தார்கள். அதன் பிறகு, ராணுவ உடையை ஒத்த துணிகளைப் பொதுமக்கள் அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவம் வேண்டுகோள் விடுத்தது. 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில் அறிமுகமான புதிய போர்ச் சீருடையின் வடிவமைப்பு சட்டப்படி பதிவுசெய்யப்பட்டிருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கான அந்த உரிமையை மேலும் ஐந்து ஆண்டுகள் நீட்டிக்கலாம்.

சட்டம் யாரைத் தேட வேண்டும்?

படைவீரர் அல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அத்தகைய உடையையோ சின்னத்தையோ அணிந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆவது பிரிவின் கீழ் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இங்கே ‘நோக்கம்’தான் உயிர்நாடி. மலிவாகக் கிடைக்கிறது, அழுக்குத் தெரியாது என்று புள்ளி போட்ட பச்சைக் கால்சட்டை வாங்கி அணியும் கட்டிடத் தொழிலாளி யாரையும் ஏமாற்றவில்லை. அவரை நிறுத்தி மிரட்டுவதால் நாட்டின் பாதுகாப்பு கூடிவிடாது.

கவனம் திரும்ப வேண்டிய இடம் வேறு. பதவிச் சின்னம், பதக்க நாடா, ரெஜிமென்ட் பெயர்ப் பட்டை ஆகியவை அடையாள அட்டை கேட்காமலே விற்கப்படுவதுதான் ஆபத்து. சீருடைப் படத்தைக் காட்டித் திருமண மோசடி செய்பவர்களும், ராணுவத்தில் வேலை வாங்கித் தருவதாகப் பணம் பறிப்பவர்களும், இணையத்தில் பழைய வண்டி விற்பதாக ஏமாற்றுபவர்களும் மூலதனமாக்குவது மக்கள் படைவீரர்மீது வைத்திருக்கும் நம்பிக்கையை. சின்னங்களின் விற்பனையை முறைப்படுத்தினால் இவர்களில் பலரது தொழில் படுத்துவிடும்.

அரசியலுக்கும் இதில் பங்கு உண்டு. படைவீரர்களின் படங்களைப் பிரச்சாரத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று தேர்தல் ஆணையம் 2013இல் அறிவுறுத்தியது. 2019 மார்ச்சில் அதை மீண்டும் நினைவூட்ட வேண்டியிருந்தது. எந்தக் கட்சிக்கும் சார்பில்லாத உடையை ஒரு கட்சியின் பேனரில் ஏற்றுவது, அந்தச் சார்பின்மையைக் காப்பதற்காக வாய் மூடிப் பணியாற்றும் லட்சக்கணக்கானோருக்குச் செய்யும் அநீதி.

வலது மார்பு சொல்வது

மறைந்த வீரரின் பதக்கங்களை அவரது நெருங்கிய உறவினர்கள் போர் நினைவிட அஞ்சலி நிகழ்வுகளில் அணிந்துகொள்ள ராணுவம் அனுமதிக்கிறது. ஆனால், இடது மார்பில் அல்ல, வலது மார்பில். ஈட்டியவர் இடப்பக்கம் அணிகிறார். இழந்தவர் வலப்பக்கம் அணிகிறார். துயரத்துக்கு உரிய இடத்தை ஒதுக்கிய பிறகும் உண்மையை விட்டுக்கொடுக்காத விதி இது.

தாயும் மனைவியுமே இந்த வரம்பை மதிக்கும்போது, மற்றவர்களுக்கு அதைவிடக் குறைந்த கடமை இருக்க முடியாது. குடியரசு தினத்தில் பள்ளிக் குழந்தை ராணுவ வீரராக வேடமிடட்டும், அதில் தவறில்லை. உண்மையான பதக்கமும் பதவிச் சின்னமும் மட்டும் அந்த வேடத்தில் வேண்டாம். அவை ஏன் கூடாது என்று ஆசிரியர் ஐந்து நிமிடம் விளக்கினால், வேடத்தைவிட அந்தப் பாடம் பெரிது. சின்னங்களை விற்பதற்குப் படை அடையாள அட்டையைக் கட்டாயமாக்குவதை மத்திய, மாநில அரசுகள் இணைந்து செய்ய வேண்டும். ராணுவத்தை நேசிப்பவர்கள் அதன் உடையை அணிய ஆசைப்படுவது இயல்பு. அதை ஈட்டியவர்களுக்கே விட்டுவைப்பதுதான் மரியாதை.