மன்னார் ஆயர் கேட்ட கணக்கு

மதத் தலைவர்கள் அரசியலில் தலையிடலாமா என்ற கேள்வி நம் தோழர்களிடையே அவ்வப்போது எழுகிறது. கோலார் தங்கவயலில் இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. ஞாயிறன்று தேவாலயத்தில் மண்டியிட்ட சுரங்கத் தொழிலாளியே வேலைநிறுத்த நாளில் செங்கொடியின் கீழ் நின்றான். எனவே கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும்: தலையிடுகிறவர் யார் பக்கம் நிற்கிறார்? கேரளத்தில் 1959இல் கத்தோலிக்க ஆயர்களும் அரசியலில் இறங்கினார்கள். நிலச் சீர்திருத்தத்தையும் கல்விச் சட்டத்தையும் கொண்டுவந்த இ.எம்.எஸ். அரசைக் கவிழ்ப்பதற்குத் துணைநின்றார்கள். அதே திருச்சபையில் இதற்கு நேர்மாறான ஒருவரும் இருந்தார். அவர் 2021 ஏப்ரல் 1 அன்று மறைந்த மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப்.

நெடுந்தீவில் 1940இல் பிறந்த அவர், 1967இல் குருவானார். 1992இல் மன்னார் ஆயரானார். மீனவர்களும் சிறு விவசாயிகளும் நிறைந்த மறைமாவட்டம் அது. அரசியலை அவர் தேடிச் செல்லவில்லை. போர் அதை அவருடைய வாசலுக்கே கொண்டுவந்தது. மடு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த அகதிகள்மீது 1999 நவம்பரில் எறிகணைகள் வீழ்ந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர்.

அவருடைய வாழ்வின் தலையாய செயல் 2011 ஜனவரியில் நிகழ்ந்தது. இலங்கை அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்த மக்கள் 4,29,059 பேர் என்பது அரசாங்கச் செயலகத்தின் பதிவு. போர் முடிந்து அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர் என்பது ஐ.நா. அலுவலகத்தின் பதிவு. எஞ்சிய 1,46,679 பேர் எங்கே? கோபமோ முழக்கமோ இல்லை. வெறும் கழித்தல் கணக்கு. ஆயினும் கொழும்பு ஆட்சியாளர்கள் அதற்கு விடை தரவில்லை. மாறாக, கேட்டவரைக் குற்றப் புலனாய்வுத் துறையினர் விசாரித்தனர். பேரினவாதிகள் அவரைப் ‘புலி’ என்றனர்.

அவருடைய திருச்சபையாவது ஒருமித்து அவர் பின்னால் நின்றதா? இல்லை. கொழும்புப் பேராயர் மால்கம் ரஞ்சித், பன்னாட்டு விசாரணைக் கோரிக்கையை வெளியார் தலையீடென்று அன்று எதிர்த்தார். பின்னர் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டு, உள்நாட்டில் நீதி கிட்டாதபோது, 2022இல் அவரே ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையின் கதவைத் தட்டினார். திருச்சபையும் வர்க்க, இன முரண்பாடுகளுக்கு அப்பாற்பட்டதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயரின் அரசியலுக்கும் எல்லைகள் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட வடபுல முஸ்லிம்கள் மன்னாருக்குத் திரும்பியபோது எழுந்த பூசல்களில், அவர்மீது அவர்கள் குறை கூறினர். மேலை வல்லரசுகள் நீதி வழங்கும் என்ற நம்பிக்கையும் அவரிடம் மிகுந்திருந்தது. சிங்களப் பாட்டாளிகளை வென்றெடுக்கும் வழி அந்த அரசியலில் இல்லை.

ஆனால் அந்தக் குறையை ஓர் ஆயரின் தலையில் சுமத்துவது நியாயமன்று. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டபோதும், 1956இல் ‘சிங்களம் மட்டும்’ சட்டம் வந்தபோதும் நாடாளுமன்றத்தில் எதிர்த்து நின்றவர்கள் இலங்கையின் இடதுசாரிகள். அதே இடதுசாரிகள் கூட்டணி அரசில் அமர்ந்தபின், 1972இல் பௌத்தத்துக்கு முதலிடம் வழங்கிய அரசியல் சட்டத்தை லங்கா சமசமாஜக் கட்சி அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வாவே வடித்துத் தந்தார். சிறுபான்மையினரின் ஜனநாயக உரிமையைச் செங்கொடி கைவிட்ட இடம் வெற்றிடமாக இருந்துவிடவில்லை. அங்கே துப்பாக்கி வந்தது. துப்பாக்கி வீழ்ந்தபின், கணக்குக் கேட்க ஓர் அங்கி மட்டுமே எஞ்சியது.

தங்கவயல் தோழர்களுக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. 1946 நவம்பர் 4 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தோழர்களை இழந்த மண் இது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சிலிகோசிஸ் நோயால் மூச்சுத் திணறி மாண்டவர்கள் எத்தனை பேர், நிலுவைத் தொகை கிட்டாதவர்கள் எத்தனை பேர், சயனைடு மேடுகளின் தூசியை இன்றும் சுவாசிக்கும் குடும்பங்கள் எத்தனை? இந்தக் கணக்கை வீடுவீடாகச் சென்று எடுக்க வேண்டியது நம் கிளைகளின் கடமை. அருட்தந்தையர் துணைக்கு வந்தால் கைகோத்துச் செல்வோம். அவர்கள் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கும் உரிமை மட்டும் நமக்கில்லை.